மெழுகில் அரூப ஓவியம்: எவ்வளவு சூடு, எங்கே முடிவு?

கேள்வி:

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அக்ரிலிக் வண்ணத்தில் பூக்கள், கோயில் கோபுரங்கள் என்று வரைந்து பழகியவள். சென்னையில் ஒரு கண்காட்சியில் தேன்மெழுகால் செய்த அரூப ஓவியங்களைப் பார்த்தேன். உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல் இருந்த அந்தப் பரப்பு மனதை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மெழுகுவத்திகளையும் பேரனின் கிரேயான்களையும் உருக்கி கேன்வாஸில் ஊற்றி, ஹேர் டிரையரால் ஓட விட்டேன். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சில நாளில் விரிசல் விட்டது. கேன்வாஸைத் தூக்கி மாட்டப் போனபோது பாதி பொரிந்து தரையில் கொட்டிவிட்டது.

எங்கே தவறினேன்? என்னென்ன பொருள் வேண்டும்? வீட்டுக்குள் இதைச் செய்யலாமா? மெழுகு தானாக ஓடி உருவாக்குவதை என் ஓவியம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அரூப ஓவியம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? “இது என்ன படம்?” என்று வீட்டில் கேட்கிறார்கள், எனக்கே பதில் தெரியவில்லை. கடைசியாக, எங்கள் ஊர் வெயிலில் மெழுகு ஓவியம் சுவரில் நிற்குமா, வழிந்துவிடுமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, உங்கள் கேள்விகளில் பாதி அடுப்படியைச் சேர்ந்தவை, பாதி கண்ணைச் சேர்ந்தவை. முதல் பாதிக்கு அளவும் கணக்கும் உண்டு. அதைச் சரிசெய்துகொண்டால்தான் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச முடியும்.

ஏன் உதிர்ந்தது?

நான்கு காரணங்கள். முதலாவது, மெழுகு. கடையில் விற்கும் மெழுகுவத்தி பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலியத்திலிருந்து வருவது. கிரேயானும் ஏறக்குறைய அதேதான். மெல்லிய படலமாக ஆறும்போது பாரஃபின் நொறுங்கும் தன்மை கொண்டது. இரண்டாவது, கேன்வாஸ். துணி அசையும், தொய்யும், தட்டினால் அதிரும். ஆறிய மெழுகுக்கு அந்த அசைவு ஆகாது. மூன்றாவது, கடையில் வாங்கும் கேன்வாஸின் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ பூசியிருப்பார்கள். அது பிளாஸ்டிக் தோல். மெழுகு உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ள அதில் துவாரம் இல்லை. நான்காவது, ஹேர் டிரையர். அதில் காற்று அதிகம், சூடு குறைவு. மேல் மெழுகைத் தள்ளிக்கொண்டு போகுமே தவிர, அடியில் இருப்பதோடு சேர்த்து உருக்காது.

கடைசிக் காரணம்தான் முக்கியம். என்காஸ்டிக் எனப்படும் இந்த முறையில், ஒவ்வொரு அடுக்கையும் பூசிய பிறகு மறுபடி சூடுகாட்டி, கீழ் அடுக்கோடு உருகிச் சேரும்படி செய்ய வேண்டும். அந்த இணைப்பு இல்லாவிட்டால் அது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மெழுகு வில்லைகள்தான். என்றாவது ஒருநாள் பிரிந்தே தீரும்.

தேன்மெழுகும் குங்கிலியமும்

இந்த ஓவியத்தின் அடிப்படைக் கலவை மிக எளிது. தேன்மெழுகு எட்டுப் பங்கு, டாமர் பிசின் ஒரு பங்கு, எடைக் கணக்கில். அதாவது 800 கிராம் மெழுகுக்கு 100 கிராம் பிசின். ஓவியர்கள் இதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொள்வார்கள். பிசின் சேர்வதால் மெழுகு இறுகும், உருகுநிலை சற்று உயரும், துடைத்தால் பளபளப்பு வரும். பிசின் அதிகமானால் நொறுங்கும்.

டாமர் நமக்கு அந்நியச் சரக்கு இல்லை. குங்கிலியம் என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது அதே வகைப் பிசின்தான். சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்கு மெழுகில் உரு எடுக்கும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துத்தான் காய்ச்சுகிறார்கள். அவர்களுக்கு மெழுகு விரலுக்கு வளைய வேண்டும், அதனால் எண்ணெய் சேர்க்கிறார்கள். நமக்கு அது சுவரில் இறுகி நிற்க வேண்டும், அதனால் எண்ணெய் வேண்டாம். மருந்துக் கடைக் குங்கிலியத்தில் மரப்பட்டையும் தூசியும் கலந்திருக்கும். எந்த மரத்துப் பிசின் என்பதும் கடைக்குக் கடை மாறும். பழகுவதற்கு அது போதும். விற்கப்போகும் ஓவியத்துக்கு, ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் டாமர் கட்டிகளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

தேன்மெழுகைத் தேன் எடுப்பவர்களிடமே வாங்குவது நல்லது. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களிடமும் நீலகிரியில் மலைத்தேன் விற்பவர்களிடமும் கேட்டால் கிடைக்கும். பாரஃபின் கலந்து விற்பதும் உண்டு. நல்ல மெழுகில் தேன் வாசம் இருக்கும். உடைத்தால் முறிந்த இடம் மங்கலாக, நுண்மணி போல் தெரியும். வழுக்கலாக, கண்ணாடிபோல் இருந்தால் சந்தேகப்படுங்கள். மஞ்சள் மெழுகில் நீலத்தைக் கலந்தால் பச்சைச் சாயல் தட்டும், வெள்ளை பழுப்பேறித் தெரியும். எனவே வெளிர் நிறங்களுக்கு வடிகட்டி வெளுத்த மெழுகையும், காவி, பழுப்பு, கருப்பு ஆகியவற்றுக்கு மஞ்சள் மெழுகையும் வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை இதுதான். மெழுகை முதலில் உருக்கி, பொடித்த பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். பிசின் கரைய மெழுகைவிடக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால் அவசரப்பட்டுப் புகைய விடக்கூடாது. முழுவதும் கரைந்ததும் பழைய பருத்தித் துணியில் வடிகட்டி, சிலிகான் அச்சில் ஊற்றி வில்லைகளாக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் கெடாது.

வண்ணத்துக்கு நிறமிப் பொடி போதும். செங்காவி, மஞ்சள் காவி, அல்ட்ராமரைன் நீலம், டைட்டேனியம் வெள்ளை, விளக்குக் கரி ஆகியவை நம்பகமானவை, விஷமும் இல்லை. எதுவானாலும் பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். காட்மியம், ஈயம் கலந்த நிறங்கள் வீட்டுக்குள் வேண்டாம். சமையலறை மஞ்சள்தூளைப் போட்டுப் பார்க்க ஆசை வரும். போடாதீர்கள், வெளிச்சத்தில் அது சீக்கிரம் வெளுத்துவிடும். கடைக் குங்குமத்தில் என்ன சாயம் இருக்கிறது என்பது தெரியாது, அதுவும் வேண்டாம். கையில் எண்ணெய் வண்ணம் இருந்தால் டிஷ்யூ தாளில் பிதுக்கி, எண்ணெயை ஊற விட்டுவிட்டு, மிஞ்சியதை மெழுகில் கலக்கலாம். உங்களிடம் நிறைய இருக்கும் அக்ரிலிக் மட்டும் இதற்கு உதவாது. தண்ணீரில் கரைத்த பிளாஸ்டிக்கும் மெழுகும் ஒட்டாது.

பலகை

அசையாததும், உறிஞ்சுவதுமான பரப்பு வேண்டும். நல்ல ப்ளைவுட் போதும். பின்புறம் சட்டம் அடித்திருந்தால் வளையாது. பூச்சு இல்லாத வெறும் மரத்திலேயே தொடங்கலாம். வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் தடித்த ஓவியத்தாளைப் பலகையில் ஒட்டி அதன்மேல் வேலை செய்யுங்கள். என்காஸ்டிக்குக்கென்றே உறிஞ்சும் ஜெஸ்ஸோ தனியாகக் கிடைக்கிறது. முதலில் 8 அங்குலச் சதுரத்துக்கு மேல் போகாதீர்கள்.

மரப்பலகை இந்தக் கலைக்குப் புதிதல்ல. எகிப்தின் ஃபாயும் பகுதியில் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், இறந்தவரின் முகத்தை மெல்லிய மரப்பலகையில் வரைந்து மம்மியின்மேல் வைத்துக் கட்டினார்கள். அவற்றில் பல தேன்மெழுகில் வரைந்தவை. 1888இல் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அப்பகுதியின் ஹவாராவில் தோண்டியபோது அவை வரிசையாக வெளியே வந்தன. இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் பாரிஸ் லூவ்ரிலும் பார்க்கலாம். கன்னத்தில் பட்ட வெளிச்சமும் கண்ணின் ஈரமும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

எவ்வளவு சூடு, வீட்டில் எப்படி?

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும். வேலை செய்ய 80 முதல் 95 டிகிரி போதும். 105ஐத் தாண்ட விடாதீர்கள். புகை வந்தால் ஏற்கெனவே அதிகம் என்று பொருள். அதிகச் சூட்டில் மெழுகு சிதைந்து வரும் ஆவி கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும்.

எனவே கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். சூட்டைக் கட்டுப்படுத்தும் திருகு உள்ள, தட்டையான மின்சாரக் கல் வாங்குங்கள். இட்லிப் பாத்திரத்தையோ வீட்டுத் தோசைக்கல்லையோ இதற்கு எடுத்தால் பிறகு சமையலுக்கு அது ஆகாது. சிறு சிறு எவர்சில்வர் கிண்ணங்களைக் கல்லின்மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் வைத்துக்கொள்ளலாம். கல்லில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், பரப்பில் வைத்து அளக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். துப்பாக்கி வடிவில் வரும் அகச்சிவப்புக் கருவி, பளபளக்கும் உலோகத்தில் சூட்டைக் குறைத்துக் காட்டும். கிண்ணத்து மெழுகின்மேல் நீட்டி அளந்தால் ஓரளவு சரியாக இருக்கும்.

தூரிகை இயற்கை மயிராக இருக்கட்டும். நைலான் சூட்டில் சுருண்டுவிடும். நிறத்துக்கு ஒரு தூரிகை என்று ஒதுக்கிவிட்டால் கழுவும் வேலையே இல்லை. ஆறினால் கட்டையாகும், கல்லில் வைத்தால் மறுபடி இளகும்.

ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எதிரில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட வேண்டும். ஆவி உங்கள் முகத்தைக் கடந்து போகாமல், உங்களிடமிருந்து விலகி வெளியே போகும்படி மேசையைப் போடுங்கள். தலைக்குமேல் சீலிங் ஃபேன் ஓடினால் மெழுகு தூரிகையிலேயே உறைந்துவிடும், ஆவியும் அறை முழுக்கச் சுற்றும். ஜன்னலை அடைத்து ஏசி போட்டுக்கொண்டு செய்வது கூடவே கூடாது. டர்ப்பன்டைன் பாட்டில் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. மெழுகில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் மெழுகு தெறித்துப் பரவும். மின்சாரத்தை நிறுத்தி, உலோக மூடியால் மூடுங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான மெழுகு கையில் பட்டால் பிய்த்து எடுக்காமல் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மிச்ச மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பேரன் வீட்டில் இருக்கும் நாளில் கல்லைச் சூடாக்காதீர்கள்.

அடுக்கும் இணைப்பும்

பலகையை ஹீட் கன் எனப்படும், சூடான காற்று ஊதும் கருவியால் லேசாகச் சூடாக்கிக்கொண்டு, நிறமில்லாத வெறும் கலவையை ஒரு பூச்சுப் பூசுங்கள். ஹீட் கன்னைச் சில அங்குலம் தள்ளிப் பிடித்து, மெதுவாக நகர்த்திக்கொண்டே சூடு காட்டுங்கள். மங்கலாக இருந்த பரப்பு ஈரம்போல் மினுங்கும். அந்தக் கணத்தில் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிட வேண்டும். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பது போல்தான் இது, ஒரு நொடி முந்தினாலும் ஒட்டாது, பிந்தினாலும் கெட்டுவிடும். அதிகம் காட்டினால் கீழ் நிறம் மேலேறி எல்லாம் கலங்கிச் சேறாகும். இப்படி வெறும் மெழுகில் இரண்டு, மூன்று அடுக்கு ஆன பிறகு நிறத்துக்கு வாருங்கள்.

சூட்டில் தெரியும் நிறம் வேறு, ஆறிய பின் தெரியும் நிறம் வேறு. உருகிய மெழுகு தெளிவாக, அழுத்தமாகத் தெரியும். ஆறும்போது பால் சேர்த்ததுபோல் வெளிறும். எனவே சூடாக இருக்கும்போது எந்த நிறத்தைப் பற்றியும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பூசுவதைப் போலவே எடுப்பதும் இங்கே ஒரு வேலை. இளஞ்சூட்டில் இருக்கும் மெழுகைத் தகட்டால் வழித்தால் கீழ் அடுக்கு நிறம் எட்டிப் பார்க்கும். ஆறிய பரப்பில் ஊசியால் கோடு கீறி, அதில் எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்துத் துணியால் துடைத்தால், வண்ணம் கோட்டில் மட்டும் தங்கும். பள்ளமாகச் செதுக்கி வேறு நிறத்தை ஊற்றி, மட்டமாக வழித்துவிட்டால் கூரான விளிம்புள்ள வடிவம் கிடைக்கும். தாள், நூல், துணி, இலைச்சருகு எதையும் இரண்டு அடுக்குக்கு நடுவில் புதைக்கலாம். சிலர் அரக்குக் கரைசலைப் பூசிப் பற்றவைத்து வலைப்பின்னல் போன்ற கோலம் வரவழைப்பார்கள். வீட்டுக்குள் அந்த வேலை வேண்டாம்.

மெழுகு ஓடுவது ஓவியமா?

உங்கள் கேள்விகளில் இதுதான் ஆழமானது. நேராகவே சொல்கிறேன்: இல்லை. மெழுகு சூட்டில் ஓடினால் அழகாகத்தான் இருக்கும், யார் செய்தாலும் இருக்கும். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் பளிங்கு வரி விழும், ஓரத்தில் நுரை கட்டும், நடுவில் ஒளி தேங்கும். அதில் உங்கள் பங்கு ஏதும் இல்லை. இந்த ஊடகத்தில் அழகு மலிவு, அதுதான் இதன் ஆபத்து. இணையத்தில் காணும் மெழுகு ஓவியங்களில் பெரும்பாலானவை ஒன்றுபோலவே இருப்பதற்குக் காரணம், அவற்றைச் செய்தது ஹீட் கன் என்பதுதான்.

தற்செயலை ஒதுக்கச் சொல்லவில்லை. தற்செயலாக வந்ததில் எதை வைப்பது, எதை வழித்து எறிவது என்று முடிவெடுப்பதுதான் ஓவியரின் வேலை. மெழுகு அந்த முடிவுகளுக்கு நிறைய வாய்ப்புத் தருகிறது. வண்ணம் நொடிகளில் உறையும், எனவே ஒவ்வொரு தீற்றும் மற்றொன்றோடு கலக்காமல் தனியே நிற்கும். எப்போது வேண்டுமானாலும் இளக்கலாம், எனவே எந்த முடிவும் இறுதியானதல்ல.

அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் மெழுகுக்கு வந்த வழி இதைத்தான் காட்டுகிறது. 1954இல் அவர் அமெரிக்கக் கொடியை வரையத் தொடங்கியது வீட்டுச் சுவருக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தில். அது சீக்கிரம் காயவில்லை, ஒரு தீற்றின்மேல் அடுத்ததை வைத்தால் முதல் தீற்று குழம்பியது. மெழுகுக்கு மாறினார். செய்தித்தாள் துண்டுகளை மெழுகில் தோய்த்து ஒட்டி, மேலே தீற்றுகளை அடுக்கினார். இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஃபிளாக்’ அதுதான். எட்டி நின்றால் எல்லாருக்கும் தெரிந்த கொடி. கிட்டே போனால் கொடி மறைந்து, உறைந்த தீற்றுகளும் அவற்றின் அடியில் மங்கலாகத் தெரியும் அச்செழுத்துகளும் மட்டுமே இருக்கும். என்ன வரைவது என்ற கேள்வியைத் தெரிந்த ஒரு வடிவத்திடம் விட்டுவிட்டு, எப்படி வரைவது என்பதில் முழுக் கவனத்தையும் வைத்தார்.

ஓவியர் பிரைஸ் மார்டென் 1960களில் வேறொரு முடிவெடுத்தார். எண்ணெய் வண்ணத்தில் தேன்மெழுகு கலந்து, முழுப் பரப்பையும் ஒரே மங்கலான நிறத்தால் நிரப்பினார். அடுக்கடுக்காகச் சூட்டால் இணைப்பதில்லை என்பதால் அதை முழு என்காஸ்டிக் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விஷயம் கற்க வேண்டியது. அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றில் கீழ் விளிம்பில் ஒரு பட்டையை மட்டும் மூடாமல் விட்டார். மேலே நடந்த வேலையின் வழிசல்கள் அங்கே தெரியும். வழிசல் தற்செயல். அதற்கென்று இடம் விட்டது தீர்மானம். லிண்டா பெங்லிஸ் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் ஒடுக்கமான நீளப் பலகைகளில் நிற மெழுகை மேலும் கீழுமாகப் பூசிப் பூசி, புடைத்த பரப்பாக்கினார். மூவரும் கையில் எடுத்தது மெழுகைத்தான். மூவர் படங்களும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை.

நீங்கள் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். ஒரே அளவில் ஐந்து பலகை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையோடு சேர்த்து மூன்றே நிறம். முதல் பலகையில் பூசுவது மட்டும். இரண்டாவதில் பூசிய பிறகு பாதியை வழித்தெடுக்க வேண்டும். மூன்றாவதில் கோடு மட்டும். நான்காவதில் ஒரே ஒரு வடிவம், அதன் விளிம்பு ஓரிடத்தில் கூர்மையாகவும் ஓரிடத்தில் கரைந்தும் இருக்க வேண்டும். ஐந்தாவதில் மெழுகை உங்கள் இஷ்டத்துக்கு ஓட விடுங்கள். பிறகு ஐந்தையும் ஒரே வரிசையில் வையுங்கள். ஐந்தாவது பலகைதான் முதலில் கண்ணை இழுக்கும். சில நாள் கழித்துப் பார்த்தால் முதலில் சலிப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

எப்போது முடிந்தது?

கோபுரம் வரையும்போது கலசம் வைத்ததும் முடிந்தது என்று தெரியும். அரூபத்தில் அந்த உதவி கிடையாது. நான் மாணவர்களுக்குச் சொல்லும் சோதனைகள் சில உண்டு. முழுக்க ஆறும் வரை, முடிந்தால் மறுநாள் வரை, முடிவெடுக்காதீர்கள். பலகையைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள், எங்கே கனம் சாய்கிறது என்று உடனே தெரியும். அறையின் மறுகோடியிலிருந்து ஒரு முறை, மூக்கு முட்டும் தூரத்திலிருந்து ஒரு முறை பாருங்கள், இரண்டு தூரத்திலும் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். பிறகு, உங்களுக்கு மிகவும் பிடித்த இடத்தைக் கையால் மறையுங்கள். மறைத்ததும் மீதி நன்றாக மூச்சு விடுகிறது என்றால், வழிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். புதிதாகச் செய்பவர்கள் ஒரு அழகான மூலையைக் காப்பாற்றுவதற்காகப் படம் முழுவதையும் கெடுத்துவிடுவார்கள். அடுத்து என்ன சேர்க்கலாம் என்று கை தேட ஆரம்பித்தால், பெரும்பாலும் படம் கொஞ்சம் முன்பே முடிந்திருக்கும்.

“இது என்ன படம்?” என்பவருக்குக் கோபப்படாமல், என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “ஏழு அடுக்குக் காவி பூசி, வலப்பக்கம் மட்டும் நீலம் தெரிகிற வரை வழித்தேன்” என்றால் அவர் கிட்டே வந்து பார்ப்பார். அப்படிச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

கண்ணைப் பழக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. உங்கள் மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்கள் பத்திரிகைக் கோட்டோவியங்கள் வழியாக அறிவார்கள். காந்தியையும் அரசர்களையும் கோட்டில் வரைந்த அதே கை, பிற்காலத்தில் உருவத்தையே விட்டுவிட்டு, தட்டைக் கத்தியால் எண்ணெய் வண்ணத்தைப் பரப்பிய அரூப ஓவியங்களுக்குப் போனது. அவற்றில் ஒரு நிறம் மற்றொன்றை எங்கே மூடுகிறது, எங்கே விடுகிறது என்று பாருங்கள், மெழுகுக்கும் அதுவே பாடம். சென்னை போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போய் வாருங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய அந்தக் கிராமத்து ஓவியர்கள், தொடக்கக் காலத்தில் துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்க்கும் பாத்திக் செய்து விற்றுத்தான் ஓவியத்துக்கு நேரம் வாங்கினார்கள்.

திருச்சி வெயிலில் நிற்குமா?

நிற்கும். உங்கள் ஊர்க் கோடையில் 40 டிகிரியைத் தாண்டினாலும் உருகுநிலைக்கு இன்னும் 20 டிகிரிக்கு மேல் இடைவெளி இருக்கிறது. ஃபாயும் முகங்கள் இருந்ததும் குளிர்ப் பிரதேசத்தில் அல்ல, எகிப்துப் பாலைவனத்தில். ஆனால் அவை மணலுக்குள் நிழலில் இருந்தன. நேர் வெயில்தான் பகை. மேற்குச் சுவர், ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், தகரக் கூரை அறை, அடுப்புக்குமேல், குவி விளக்குக்குக் கீழே மாட்டாதீர்கள். நிறுத்திவைத்த காருக்குள் சூடு 60ஐத் தாண்டும், அங்கே ஒரு மணி நேரம் இருந்தாலும் படம் போய்விடும். அக்னி நட்சத்திர நாட்களில் கூரியரில் அனுப்ப வேண்டாம். அனுப்பும்போது குமிழித் தாளை நேராக மெழுகில் படும்படி சுற்றினால் குமிழிகள் பதிந்துவிடும். முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, அதற்குமேல் குமிழித் தாள்.

வெயிலில் மெழுகு வழிவதற்கு முன் இளகும். இளகிய பரப்பில் தூசி ஒட்டும், விரல் ரேகை பதியும். வெயில் காலத்தில் தொடாமல் இருந்தாலே பாதிப் பாதுகாப்பு. முதல் சில மாதங்களில் பரப்பின்மேல் வெண்பொடி போல் படியும். பயப்பட வேண்டாம், பூஞ்சை அல்ல. மென்மையான துணியால் வட்டமாகத் துடைத்தால் பளபளப்பு திரும்பிவிடும். கண்ணாடிச் சட்டம் தேவையில்லை. விளிம்பு உடையாமல் இருக்க, படத்தின் மட்டத்துக்கு மேலே நிற்கும் மரச்சட்டம் போதும்.

கோடையில் ஹீட் கன்னோடு மல்லுக்கட்டாமல் மார்கழியில் தொடங்குங்கள். வண்ணம் வாங்கும் முன் தெர்மாமீட்டரும் தீயணைப்பானும் வாங்குங்கள். ஐந்து பலகைகளின் பின்னாலும் தேதி, நிறம், எத்தனை அடுக்கு, எதை வழித்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அவற்றை விற்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். ஆறாவது பலகையை எப்படிச் செய்ய வேண்டும் என்பதை அந்தக் குறிப்புகளைவிடச் சரியாக வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது.